செருப்புக்கடைக்கு மேலே

எட்டு மணிக்கு
வரவுப் புத்தகத்தில் ஒரு சிவப்புக் கோடு விழும்.
அந்தக் கோட்டுக்கு மேலே வந்து சேரத்தான்
பதினொரு வருசம்
நோர்வூட் பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்றேன்.
கடைசி நாள் வேண்டுமென்றே பிந்திப்போய்
கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.
யாரும் கவனிக்கவில்லை.

பொருட்கணக்கு எடுத்தார்கள்.
மேசை ஒன்று. கதிரை மூன்று, ஒன்றுக்குக் கால் ஆட்டம்.
இரும்பு அலுமாரி, சாவி இரண்டு.
கிளினிக் அட்டைகள் அரசாங்கத்துக்குச் சொந்தம்.
அட்டையில் எழுதாமல் விட்டவற்றைப்
பாரங்கொடுக்கப் படிவம் ஏதும் இருக்கவில்லை,
அவை என்னோடு படியிறங்கின.

கால் காசென்றாலும் கவுன்மேந்துக் காசு என்றார் ஜெயதாசன்.
பென்ஷன் போகிறதே என்று ஒரு வாரம்
குழம்பில் உப்பில்லை என்பதுபோல
சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார்.
பிறகு அவரேதான்
இந்த அறைக்கு முற்பணம் கட்டினார்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
செருப்புக்கடைக்கு மேலே, பத்துக்குப் பத்து.
ஜன்னலைச் சாத்தினால் ஈர வாடை,
திறந்தால் கண்டக்டர்:
மஸ்கெலியா மஸ்கெலியா மஸ்கெலியா.
பலகை எழுதிய ஜயலத்துக்குத் தமிழ்
பார்த்து வரைகிற படம்.
உளவியலாளரில் ஓரெழுத்தை விழுங்கிவிட்டான்.
"மிஸ், நீங்க உளவாளியா?"
கீழ்க்கடை முதலாளி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.
இன்னும் திருத்தவில்லை.
திருத்த எண்ணூறு ரூபாய்.

கட்டணம் எழுதத்தான் கை வரவில்லை.
இரண்டாயிரம் என்று எழுதினேன்.
மலையில் ஒரு முழுப்பேரும் ஓர் அரைப்பேரும்.
வெட்டினேன்.
ஆயிரம் என்றேன், வாடகை சிரித்தது.
ஆயிரத்து இருநூறு என்று எழுதிச் சுவரில் ஒட்டி
அதற்கு மேலே கலண்டரை மாட்டினேன்.

மூன்று நாளாய் மாடியேறியவர்கள்
டொய்லட் எங்கே என்று கேட்டவர்கள்.

நாலாம் நாள் திலகேஸ்வரி.
பழைய கிளினிக்கில் புதன்கிழமை, ஐம்பத்திரண்டாம் நம்பர்.
அங்கே கதவிடுக்கில் எப்போதும் அடுத்த ஆளின் முழங்கை.
உட்காருமுன் தொடங்கிவிடுவாள்:
தூக்கமில்ல மிஸ், நெஞ்சு படபடங்குது மிஸ்,
சோறு எறங்கல மிஸ்.
நான் குனிந்து எழுத, மணி அடிக்க, அவள் எழும்ப,
நாலு நிமிசம்.
இரண்டு வருசத்தில் ஒரு தரமாவது
அவள் மகன்வரை
நாங்கள் போய்ச் சேர்ந்ததில்லை.

இன்று
கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள்.
கலண்டரைத் தூக்கிப் பார்த்தாள்.
நூறு ரூபாய்த் தாள் பன்னிரண்டை எண்ணி வைத்தாள்,
ஒன்றும் கசங்காதவை, யாரிடமோ மாற்றியிருக்கிறாள்.
பிறகு உட்கார்ந்தாள்.

கீழே யாரோ ஏழாம் நம்பர் கேட்டார்கள்.
மஸ்கெலியா புறப்பட்டது.
பனிமூட்டம் ஜன்னல் கம்பிவரை வந்து
யோசித்துத் திரும்பியது.
கால் மணி.
எனக்குக் கை துருதுருத்தது. அட்டை இல்லாத கை.
தூக்கம் எப்படி என்று வாயெடுத்தேன்.
கொழுந்து லொறியை நிறுத்துகிற மாதிரி
உள்ளங்கையைக் காட்டினாள்.

"காசு வச்சிட்டேந்தானே மிஸ்.
இன்னைக்கிப் பேசாம இருந்துக்கிறேன்."

இருந்தோம்.
அரசாங்கம் ஒருநாளும் தராத அந்த மணித்தியாலத்தில்
அவள் அழவுமில்லை.
சேலைத் தலைப்பில் ஒரு நூலை
இழுத்துக்கொண்டேயிருந்தாள்,
அது வந்துகொண்டேயிருந்தது.

போகும்போது பற்றுச்சீட்டு எழுதினேன்.
திகதி. தொகை.
விபரம் என்ற கோட்டில் பேனா நின்றது.
எதற்காக வாங்கினேன்?
அவள் எட்டிப் பார்த்தாள்.
"அதுல எம்மகன் பேரப் போடுங்க மிஸ்.
முழுப்பேரும்."
எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.
ஒவ்வோர் எழுத்தாய்க் கேட்டுக் கேட்டு எழுதினேன்.

அசலை மடித்து முடிந்துகொண்டு இறங்கினாள்.
பிரதி என்னிடம்.
கார்பன் பழசு,
கொஞ்சம் அழுத்தித்தான் எழுதியிருக்க வேண்டும்.