4417, ஐந்து சீவல்

ஸ்ட்ராஸ்பூரில்
கிறிஸ்துமஸ் சந்தைக்கு மரக்கடைகள் முளைக்கும் வாரம்.
டிராம் நிறுத்தத்தை அடுத்த கண்ணாடிக்குப் பின்னால்
வாத்தின் ஈரல், நூறு கிராம் விலையோடு.
பார்க்காததுபோல் நடக்கிறேன்.
மூன்றாம் மாடியில் எனக்கென்று ஓர் ஈரல் காத்திருக்கிறது.

மெழுகுக்குள் இருபத்தாறு வருடம்.
பெயர் கிடையாது, பென்சிலில் ஓர் எண்.
ஃபார்மலினில் ஒரு நாள். பிறகு
எழுபது, தொண்ணூறு, நூறு சதவீதம் என்று
ஆல்கஹாலில் முக்கி முக்கி
ஈரலின் ஈரத்தையெல்லாம் எடுத்திருக்கிறார்கள்.
அந்த வேலையை அதற்கு முன்பே
அந்த ஆள் தன் கையாலேயே தொடங்கியிருந்தார் என்கிறது
மஞ்சளேறிய ஒரு தாள்.

கட்டியில் இனி வெட்ட ஒன்றுமில்லை.
ஐந்து சீவல், நாலு மைக்ரான் கனம்.
கேள்வியும் சின்னதுதான்:
வடு நெய்யும் செல்லும் குப்பை தின்னும் செல்லும்
தொட்டுக்கொண்டிருந்தனவா,
முகம் திருப்பி இருந்தனவா?

ஒளிர்சாயம் என்றாள் ஓதில்.
அவள் பிடித்த முயலுக்கு மூன்று கால்.
வயதான ஈரல் தானாகவே மினுங்கும் என்றேன்.
ஒரு சீவல் போன பிறகு அவளும் அதையே சொன்னாள்:
எல்லா வாசலிலும் விளக்கு,
விருந்தாளி எந்த வீட்டில் என்றுதான் தெரியவில்லை.

எங்களிடமிருந்த இரண்டு எதிர்ப்பொருளும்
நிஜமாகவே முயலில் பிறந்தவை.
முயலே என்று கூப்பிட்டால்
இரண்டும் திரும்பிப் பார்க்கும்.
ஆகவே முதல் சாயம் ஏறியதும்
சிட்ரேட்டில் இருபது நிமிடம் வேகவைத்து
முதல் முயலை விரட்ட வேண்டும்.
பழுப்பு மட்டும் சூட்டுக்கு அசையாது.
பழுப்பு, பிறகு சிவப்பு.
ஒத்திகை வேறோர் ஈரலில்; பளிச்சென்று வந்தது.

4417-இலும் வந்தது. எங்கு பார்த்தாலும் பழுப்பு.
ஓதில் கைதட்டினாள், யானிக் காப்பி வாங்கி வந்தான்.
நான் மூன்றாவது சீவலை எடுத்து
எதிர்ப்பொருள் மட்டும் விடாமல்
மற்றதெல்லாம் அப்படியே செய்தேன்.

அதே பழுப்பு.

தேங்கிய பித்தம். நாங்கள் கொண்டாடியது
அவருடைய சொந்த நிறம்.
எனக்கு ஈரக்குலை நடுங்கியது;
பிரெஞ்சில் "பயமாக இருக்கிறது" என்று மட்டும் சொல்ல வந்தது.

சுண்டெலியில் செய்த எதிர்ப்பொருள் ஒன்று
பாசலிலிருந்து வர ஒன்பது நாள்.
இந்தமுறை எலிக்கு நீலம், முயலுக்கு வேறொரு சிவப்பு.
இரண்டுக்குமே ஆல்கஹால் ஆகாது,
பட்டால் கரைந்துவிடும்,
தண்ணீர்ப் பசையில்தான் மூட வேண்டும்.
குறிப்பை வாசித்த யானிக் சிரித்தான்,
பிறகு நிறுத்திக்கொண்டான்.

நான்காவது சீவலில்
பித்தநாளம் ஒன்றின் ஓரம்
ஒரு நீலமும் ஒரு சிவப்பும்
ஊதா ஆகாமல் ஒட்டி நின்றன.
ஒரே ஓர் இடம்.
ஒன்றை வைத்து என்ன எழுதுவது என்றாள் ஓதில்,
லென்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஐந்தாவதைத் தொடவில்லை.
பெட்டியில் வைத்து
பென்சிலில் எழுதினேன்:
4417. சாயம் இல்லை.