ஒரு சாண் மேலே

வெள்ளிக்கிழமை டத்தோ ஒருவர் வருகிறாராம்.
குளம் சுத்தமாகத் தெரியவேண்டும் என்றார் என்சிக் ரொஸ்லி.
பச்சை இருக்கட்டும்,
பழுப்பாய் நிற்பதையெல்லாம் வெட்டு.

ஜிஞ்சாங் வெள்ளத்தடுப்புக் குளத்தின்
வடக்கு ஓரம் முழுக்க என் கோரை.
என் என்று சொல்ல உரிமை இல்லை,
சம்பளச் சீட்டில் நான் குத்தகைக்காரரின் ஆள்.
ஆனாலும் எண்ணூற்று நாற்பது நாற்று.
டெங்கில் ஈயக்குட்டையில் தோண்டி
ஈரச்சாக்கு போர்த்தி லோரியில் ஏற்றி
முழங்கால் சேற்றில் நின்று நட்டது
நானும் மொஃபிசுலும்தான்.

முதல் வாரமே நீலக்கோழிகள் வந்தன.
அடித்தண்டின் வெள்ளையை மட்டும் கடித்து
மிச்சத்தை எறிந்தன,
கரும்பு தின்னத் தெரியாத பிள்ளைகள் மாதிரி.
வலை கட்டினோம். வலையில் பாம்பு சிக்கியது.
கத்தரிக்கோலும் கையுமாய் மொஃபிசுல்
அரை நாள் அதனோடு கிடந்தான்.
அந்த அரை நாளைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு நத்தை.
தண்டில் அது ஒட்டிவைக்கும் ரோஸ் நிற முட்டைகளைக்
கல்யாணவீட்டுத் தட்டில் பலகாரமாய் அடுக்கலாம்.
காலையில் எனக்கு முதல் வேலை
கரண்டியால் சுரண்டித் தண்ணீரில் தள்ளுவது.
நனைந்தால் பொரிக்காது.
தெரிந்துதான் ஏறிவந்து இடுகிறது.

நாணல் வளையும், பிழைக்கும் என்று
தமிழ்ப்பள்ளியில் படித்தேன்.
அப்போது எனக்குப் பட்டப்பெயர் கோரைமுடி.
அது எதனால் மூச்சுவிடுகிறது என்று
எந்தப் பாடத்திலும் இல்லை.

போன வருடம் தெற்கு ஓரத்தில்
மெஷின்காரன் தண்ணீருக்குள்ளேயே விட்டு மொட்டையடித்தான்.
ஒரு மாதம் கழித்து வேரை இழுத்தேன்,
கறுத்து, வழுவழுத்து, அழுகிய முட்டை வாடை.
அவன் எட்டாமல் விட்ட மூலை மட்டும் பச்சை.
அங்கே ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தேன்,
உள்ளே அறை அறையாய்க் காற்று.
காய்ந்த தண்டிலும் அப்படியே.
செத்தது நின்றுகொண்டு
சேற்றுக்குள் இருப்பதற்கு
மூச்சு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

இதை மலாயில் எப்படிச் சொல்வது?
"ஸ்ட்ரோ, என்சிக், ஸ்ட்ரோ" என்றேன்.
அவர் கையில் சிராப் ஐஸ் பாக்கெட்.
உறிஞ்சினார். ஸ்ட்ரோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
சரி, எவ்வளவு விடவேண்டும்?
கையை விரித்துக் காட்டினேன்.
தண்ணீருக்கு மேலே ஒரு சாண்.

வியாழன் மாலை நான்கு வரை வெட்டினோம்,
பாதி வரிசை என் சாண், பாதி மொஃபிசுலின் சாண்.
அவனுடையது இரண்டு விரல் கூடுதல்.
நாலேகாலுக்கு கோம்பாக் பக்கம் கறுத்தது.

குளத்துக்கு அதுதானே உத்தியோகம்,
செந்தூல் நனையாமலிருக்கத் தான் நனைவது.
மதகை மூடினார்கள்.
கொட்டகையில் ஒதுங்கி டார்ச் அடித்துப் பார்த்தோம்.
ஏழு மணிக்கு என் சாண் போயிற்று.
எட்டுக்கு அவனுடைய இரண்டு விரலும்.

டத்தோ வரவில்லை.
வேறெங்கோ வெள்ளம் பார்க்கப் போய்விட்டாராம்.

சனிக்கிழமை தண்ணீர் அசையவில்லை.
மதகு அறையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.
ஞாயிறு, கோயிலுக்கு என்று மகளிடம் சொல்லிவிட்டு
மோட்டாரை இந்தப் பக்கம் திருப்பினேன்.
மொஃபிசுல் கரையில் குந்தியிருந்தான்,
மிதக்கும் போத்தல்களைக் கம்பியால் இழுத்தபடி.
நீ ஏன் வந்தாய் என்று
அவனும் கேட்கவில்லை, நானும்.

தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது.
அவன் வரிசையில் பத்துப் பன்னிரண்டு குச்சிகள்
தலை காட்டின.
இன்னும் இரண்டு விரல் இறங்கினால் என்னுடையவை.
அதற்குள் எத்தனை வேர் தாங்கும், தெரியாது.

ஒரு குச்சியின் நுனியில்
இரவே ஏறியிருக்கிறது நத்தை.
புது முட்டை, ஈரம் காயாத ரோஸ்.

கரண்டி பையில்தான் இருந்தது.
இன்றைக்கு ஞாயிறு என்றேன்,
மொஃபிசுலிடமோ
நத்தையிடமோ.