பகலுக்கானது

ரூவியில் பேருந்தை விட்டு இறங்கினால்
ஆபீசுக்கு இரண்டு வழி.
ஒன்று வெயில்.
இன்னொன்று ஹைப்பர்மார்க்கெட்டின் வயிற்றுக்குள் நுழைந்து
தயிர் தாண்டி, சூட்கேஸ் தாண்டி,
சென்ட் கவுன்டரை உரசிக்கொண்டு
பின்கதவில் விழுவது.
ஜூன் மாதத்தில் இரண்டாவது மட்டும்தான் வழி.

கவுன்டரில் மாரிசெல். செபுக்காரி.
புருவம் பென்சில், சிரிப்பு அசல்.
ஊத் பாட்டிலைத் தொடப்போன என் கையைத் தடுத்தாள்.
"அது கல்யாணத்துக்கு, மிஸ் எப்சி.
உங்களுக்கு இது. பகலுக்கானது."

பகலுக்கென்று தனியாக ஒரு வாசனை உண்டென்று
முப்பத்தெட்டு வயதுவரை ஒருவரும் சொல்லவில்லை எனக்கு.
எங்கள் வீட்டில் சென்ட் பீரோவுக்குள் இருந்தது.
பீரோ பூட்டியிருந்தது.
சாவி அப்பாவின் அரைஞாணில்.

இடது மணிக்கட்டில் ஒரே ஒரு பீச்சல்.
முதலில் நகம் பட்ட நாரத்தைத் தோல்.
லிஃப்ட் வருவதற்குள் அது கிளம்பிவிடும்.
அப்புறம் ஒரு வெள்ளைப் பூ.
மல்லிகை என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது,
ஆனால் இல்லை.
மல்லிகை உள்ளே வந்ததும் தன் பெயரைச் சொல்லும்.
இது நாற்காலியை ஓசைப்படாமல் இழுத்துப்போட்டு
பக்கத்தில் உட்கார்ந்து ஃபைல் புரட்டும்.

தேன் வர பதினொன்றாகும்.
நிஸ்வா சாலையில் ஒட்டகம் மோதிய லேண்ட்குரூசர்,
பம்பர், இடப்பக்க விளக்கு, ரேடியேட்டர்,
ஒட்டகத்தின் உரிமையாளர் பெயர் என்ற கட்டத்தில்
தட்டச்சிக்கொண்டிருக்கும்போது
விசைப்பலகையிலிருந்து எழும்பி வரும்,
அடையோடு பிழிந்தது போல,
கொஞ்சம் மெழுகும் கலந்து.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரையாம்.
இந்த ஊரில் சர்க்கரைக்குப் பஞ்சமில்லை.
பூவுக்குத்தான் தட்டுப்பாடு.

ஒரு மதியம் பேருந்து நிறுத்தத்தில்
உளுந்தளவு தேனீ ஒன்று மணிக்கட்டில் இறங்கியது.
நடந்தது. நின்றது. மறுபடி நடந்தது.
காலி டப்பாவைக் குலுக்கிப் பார்ப்பவரைப் போல
ஒருமுறை உடலைக் குலுக்கிவிட்டு
சாலைக்கு அப்பால் சித்ர் மரத்துக்குப் போனது.
"மன்னிச்சிரு" என்றேன், வாய்விட்டு.
பக்கத்து ஆள் தன் காதிலிருந்த ப்ளூடூத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எட்டு மாதம் இலவச மணம்.
மேனேஜர் பார்க்காத நொடியில் டெஸ்டரிலிருந்து ஒரு பீச்சல்.
எட்டாவது மாதம் சம்பளம் ஏறியது.
இருபத்தேழு ரியால் தொள்ளாயிரம் பைசா
எண்ணி வைத்தேன்.
மாரிசெல் ரிப்பனை மெதுவாகச் சுற்றினாள்,
முடிச்சை அவிழ்த்து இன்னும் மெதுவாகச் சுற்றினாள்.
"நாளைக்கு எந்த வழியா போவீங்க?"

மறுநாள் பாட்டில் குளியலறை அலமாரியில்,
மேலிருந்த கண்ணாடித்தாள்கூடக் கிழியாமல்.
நான் கவுன்டரில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

அன்றைக்குத்தான் கேட்டாள்,
முழங்கை மடிப்பில் மூக்கைப் புதைத்து எடுத்துவிட்டு.
அப்படித்தான் மூக்கைத் துடைத்துக்கொள்வாளாம், சொந்தத் தோலால்.
"பத்து மணிக்கு மேல எனக்கு எதுவும் மணக்காது.
இது அப்புறம் என்ன ஆகும்?"

மூன்று வருடமாக விற்கிறாள்.
தேன் வரை போனதில்லை.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு விடுமுறை.
காலை ஏழுக்கு ஹமரியாவில் அவள் கட்டிடத்தின் கீழே,
இஸ்திரி கடை வாசலில்,
கண்ணாடித்தாளைப் பல்லால் கிழித்தேன்.
பச்சை நரம்பு தெரியும் அவள் மணிக்கட்டில் ஒரு பீச்சல்.
"தேய்க்காதே" என்றேன்.
அவள் எனக்குச் சொன்ன அதே குரலில்.
"துணி துவைக்காதே. மீன் கழுவாதே. சும்மா இரு."

பதினொன்றே கால். போன் அடித்தது.
மறுமுனையில் மூச்சு மட்டும் கொஞ்ச நேரம்,
மின்விசிறிச் சத்தம், யாரோ தகலாகில் பாத்திரம் கேட்பது.
பிறகு,
"மிஸ் எப்சி. வந்துடுச்சு."

ஒட்டகத்தின் உரிமையாளர் பெயர் என்ற கட்டம்
அன்று முழுக்கக் காலியாகவே கிடந்தது.