பதினொரு நிமிடம்

லேயுவார்டனில் அந்த வாரம் கால்வாய் உறைந்திருந்தது.
ஊரே கரையில் நின்று
பனிக்கட்டி எத்தனை விரற்கடை என்று அளந்துகொண்டிருக்க,
தானியச் சந்தையின் மாடிக்கூடத்தில் நாங்கள்
எட்டு இயந்திரங்களைச் சதுரங்கம் ஆட வைத்தோம்.

இயந்திரத்துக்குக் கை கிடையாது.
பச்சை எழுத்தில் அது சொல்வதை
யாராவது காயெடுத்து வைக்க வேண்டும்.
மூன்றாம் மேசைக்குக் கையாக வந்தவள் யெல்ட்யே.
கம்பளிக் கையுறையின் விரல் நுனிகளை வெட்டியிருந்தாள்.

இருபத்தாறாம் நகர்வு.
எதிரி ராஜாவின் வாசல்வரை போய்
முறைத்துக்கொண்டு நின்ற வெள்ளை மந்திரி,
யாரும் விரட்டாமலே,
ஆட்டம் தொடங்கியபோது நின்ற கட்டத்துக்கே
திரும்பிப் போனது,
பதவி போனவர் சொந்த வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல.

கூடத்தில் ஒருவர் சிரித்தார்.
பன்னிரண்டு நகர்வு கழித்து யாரும் சிரிக்கவில்லை.

'இது மனிதன் வைத்த காய்,' என்றார் போஸ்ட்மா,
தோற்ற இயந்திரத்துக்கு மூளை எழுதியவர்.
மீசையில் காப்பி நுரை.
'இயந்திரம் தின்னும் ஐயா,
கண்ணில் பட்ட சிப்பாயைத் தின்னும்.
காத்திருக்க அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது?
இவள் நடுவில் எழுந்து தொலைபேசிக்குப் போனாள்.
யாரைக் கேட்டாள்?'

'மகளுக்கு இருமல்.
எந்தப் புட்டி என்று பக்கத்து வீட்டில் சொன்னேன்.'
பிறகு, குரல் உயராமல்:
'மனிதன் என்கிறீர்களே, நீங்கள் வைப்பீர்களா?
இத்தனை பேர் பார்க்க,
இரண்டு சிப்பாயைப் பறிகொடுத்து அனுப்பிய மந்திரியை
ஒன்றும் நடக்காததுபோல வீட்டுக்குக் கூப்பிடுவீர்களா?
வெட்கம் உள்ளவன் செய்யாத வேலை அது.'

அதே நிலையை மறுபடி அடுக்கினோம்.
எட்டு நிமிடம் யோசிக்க விட்டால்
சிப்பாயைத் தின்றது.
போஸ்ட்மா மேசையைத் தட்டினார்.
பத்து நிமிடம்: மறுபடி சிப்பாய்.
பதினொன்றில்
திரை ஒருமுறை இமைத்து
மந்திரியை வீட்டுக்கு அனுப்பியது.

'சரி, ஆட்டத்தில் எத்தனை நிமிடம் யோசித்தது?'

எல்லாரும் நடுவரைப் பார்த்தார்கள்.
நடுவர் நான்.
ஒவ்வொரு நகர்வுக்கும் எதிரே நிமிடம் குறிப்பது
எனக்குக் கூலி கொடுத்த வேலை.
இருபத்தாறுக்கு எதிரே வெறும் தாள்.

அந்நேரம் நான் சன்னலில் இருந்தேன்.
கீழே ஒரு பையன்
பனி தாங்குமா என்று ஒரு காலை வைத்து,
எடுத்து,
வைத்துக்கொண்டிருந்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
முப்பது வயதில், க்ரோனிங்கனில், கடைசிச் சுற்றில்
என் மந்திரியும் அப்படித்தான் வெளியே நின்றது.
திரும்ப வேண்டும் என்று தெரிந்தது.
எதிரே இருப்பவன் புருவம் தூக்குவானே என்று
முன்னால் தள்ளினேன்.
தோற்றது மறந்துவிட்டது.
தூக்காத அந்தப் புருவம்தான்
இன்னும் எதிரே உட்கார்ந்திருக்கிறது.

தாளை மார்போடு சாய்த்துக்கொண்டேன்.
'பதினொன்று' என்று படித்தேன்.
படித்த பிறகு எழுதினேன்.

போஸ்ட்மா யெல்ட்யேயின் கையைக் குலுக்கினார்,
கையுறையில்லாத விரல் நுனிகளை மட்டும்.
அவள் நன்றி சொல்லவில்லை,
எதற்குச் சொல்ல வேண்டும்?
அவளும் அப்போது தொலைபேசியில்தான் இருந்தாள்.

ஏழு நிமிடமாக இருந்திருக்கலாம்.
பதினெட்டாகவும் இருக்கலாம்.
அறிந்த ஒரே சாட்சியின் மின்கம்பியை
ஆட்டம் முடிந்ததுமே பிடுங்கியிருந்தார்கள்.
போஸ்ட்மா சொன்னதில் பாதி சரி:
அந்தக் கூடத்தில் ஒரு மனிதன் கைவைத்திருந்தான்,
எந்தக் காயின்மேலும் அல்ல.

இறங்கி வந்தபோது பையனைக் காணோம்.
கால்வாயின் நடு வரை காலடிகள்.
திரும்பி வந்த காலடிகளைத் தேடினேன்.
அதற்குள் இருட்டிவிட்டது.