உண்மைப் பிரதி

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
மருந்துக் கடைக்கும் அடகுக் கடைக்கும் நடுவில்
என் போட்டோக்கொப்பிக் கடை.
பக்கம் இருபது ரூபாய்.

பன்னிரண்டு வருஷம் நகலெடுத்துப் பிழைத்த நான்
முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு கொடுத்து
ஒரு நகல் வாங்கினேன்.
வீட்டில் எண்ணாயிரம் என்று சொல்லியிருக்கிறேன்.

பேர்போன ஓவியம்.
பள்ளிக்கூடப் புத்தகத்தில் முத்திரை அளவில்
கறுப்பு வெள்ளையாக வந்திருந்தது.
மேலே ஒரு நீலம், கீழே வேறொரு நீலம் என்று
அடியில் அச்சிட்டிருந்ததை அப்படியே நம்பினேன்.
பிறகு கைபேசியில் ஒரு நீலம் பார்த்தேன்,
கடைக் கணினியில் இன்னொரு நீலம்.
அசல் எந்தக் கடலுக்கு அப்பால் தொங்குகிறதோ,
அந்த நீலத்தை நான் பார்க்கப் போவதில்லை.

கூரியர் வந்த அன்று நல்ல மழை.
சமிந்த தான் நனைந்து
குழாயை நனையாமல் கொண்டுவந்தான்.
கலண்டரா அக்கா என்றான்.
ஆமாம் என்றேன்.

பருத்திக் கூழ்த் தாள். முந்நூற்றெட்டு கிராம்.
அமிலம் கிடையாது.
நூறு வருஷம் நிறம் மங்காது,
காற்றில் ஈரம் பாதிக்குக் கீழே இருந்தால்.
ஆனி மாதத்து ஹட்டனில்!
உப்பு தண்ணீராகிப்போகும்,
தீக்குச்சி மருந்து பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும்,
சுவர் தன் பாட்டில் கறுப்புப் பூஞ்சணம் வரையும்.

கூடவே ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை.
பொன் முத்திரை குத்திய சான்றிதழ்:
இது உண்மையான நகல் என்று.

கையுறையை மாட்டி
தாளின் ஒரு மூலையை விரித்திருப்பேன்.
டிக்கோயாவிலிருந்து செல்லக்கண்ணு வந்து நின்றார்.
அவருடைய அப்பாவின் பிறப்புப் பதிவு.
நகலின் நகலின் நகல்.
பேர் இருந்த இடத்தில் சாம்பல் கோடு,
தோட்டத்தின் பேர் மட்டும் பளிச்சென்று.
அசல் எங்கே என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
ஏதோ ஒரு கந்தோரில் வாங்கி வைத்தார்களாம்,
அப்போது இவர் பிறக்கவில்லையாம்.

கொஞ்சம் கருப்பா எடுத்துத் தாங்க புள்ள,
அசல் மாதிரி இருக்கணும்.

தாளை வாங்கினேன்.
அவர் என் கைகளையே பார்த்தார்.
கையில புண்ணா?

மூடியைச் சாத்தினேன். வெளிச்சம்
இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஊர்ந்து போனது.
மூன்று முறை எடுத்தேன்.
ஒவ்வொரு முறையும் கறை கறுத்தது,
பேர் கறுக்கவில்லை.

நீலத்துக்கு மேல் மூடி வந்த
அமிலமில்லாத மெல்லிய தாளை உருவி
அவர் பதிவை அதில் சுற்றிக் கொடுத்தேன்.
தடவிப் பார்த்தார்.
இதுக்குத் தனியா காசா?

படம் மறுபடி குழாய்க்குள் இருக்கிறது.
மாசி வரட்டும்,
சுவர் காயட்டும்.