தூலோனுக்குக் கணிச்சம்

நாற்பத்தொரு நாள் நங்கூரத்தில் கிடந்தோம்
தூலோன் துறைமுகத்துக்கு வெளியே.
கம்பெனிக்குக் கடன். கப்பல் மேல் வழக்கு.
எங்களுக்குக் கரையிறங்கச் சீட்டு இல்லை.
பாஸ்போர்ட்டில் அந்த ஊரின் ஒரு சொட்டு மை கிடையாது.

எட்டாம் நாள் அலுத்துப்போய்க் கணிச்சம் எடுத்தேன்,
நீரோடியில் எடுப்பதுபோலத்தான்:
மொட்டை மலையின் உச்சிக்கு நேர் கீழே
ஆஸ்பத்திரிக் கூரை வந்து நிற்க வேண்டும்.
கிழக்கே, கோட்டை மூலைக்குப் பின்னால்
விளக்குமரம் பாதி ஒளிய வேண்டும்.
இரண்டு கோடும் வெட்டும் இடத்தில்
நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள் விடிந்தால் போகும்,
இருட்டினால் வந்து அதே தூணில் கட்டிக்கொள்ளும்.
முந்நூறு வருஷத்துக்கு மேலாக அப்படித்தானாம்.
குடிதண்ணீர் கொண்டுவந்த படகுக்காரன் சொன்னான்,
கையால் பாதி, வாயால் பாதி:
சண்டைக் காலத்தில் ஒரு விடியற்காலை
எதிரி வாசலுக்கு வந்துவிட்டான் என்று
தங்கள் கப்பல்களைத் தாங்களே மூழ்கடித்தார்கள்,
எழுபதுக்கும் மேலே.
உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினான்.
பிறகு காலி கேன்களை எண்ணி வாங்கிக்கொண்டான்.

ஊருக்கு வந்து எப்ரேமிடம் சொன்னேன்,
தங்கச்சி மாப்பிள்ளை, சுறாவுக்குப் போகிறவன்.
"எழுபது கப்பலா? ஏலே, அப்ப அது பெரிய பாருல்லா.
கலவா கிடக்குமே."
எல்லாவற்றையும் தூக்கி இரும்புக்குப் போட்டுவிட்டார்கள் என்றேன்.
"அறிவுகெட்டவனுவ" என்றான்.
வருத்தமாகவே சொன்னான்.

மறுநாள் அவன் வள்ளத்தில் போனேன்.
எங்கள் பாருக்கு ஒரு அடையாளம் கேரளத்தில் நிற்கிறது,
பொழியூர் செல்போன் கோபுரம்.
மற்றது இந்தப் பக்கம்,
கிளாடிஸ் வீட்டு மாடியில் நீலத் தொட்டி.
கோபுரம் இருந்தது.
தொட்டியைத் தேடினேன்.
"ஆனியில போச்சு" என்றான்,
"தொட்டி, மாடி, கீழ வீடு,
அதுக்குப் பொறத்தால ரோடு."
இப்போது ஜி.பி.எஸ். பார்த்துத்தான் போகிறார்களாம்.

திரும்பும்போது கரைக்குக் கொஞ்சம் முன்னால்
வேகம் குறைத்துச் சுற்றிக்கொண்டு போனான்.
ஒன்றும் தெரியவில்லை, கலங்கல் தண்ணீர்.
அடியில் படிக்கட்டு இருக்கிறது, ஆட்டுக்கல் இருக்கிறது,
கம்பி நீட்டிய ஏழெட்டு கான்கிரீட் தூண்.
மூன்று பேருக்கு வலை கிழிந்திருக்கிறது.
இரும்புக்கு என்று அதைத் தூக்க
யாரும் வரவில்லை.

கலவாக் குஞ்சு கூடுகிறதாம் அங்கே.
கிளாடிஸ் பள்ளிக்கூட முகாமில் இருக்கிறாள்.
மீன் கொண்டுபோய்க் கொடுத்தால்
எங்கே பிடித்தது என்று கேட்டுவிட்டுத்தான்
சட்டியை நீட்டுகிறாள்.