பத்துக்கு ஏழு

கொளப்பள்ளி கொழுந்து மடுவத்தில் கூட்டம்.
தராசை ஓரம் தள்ளி மேசை போட்டாகிவிட்டது.
மனு எழுத என்னைத்தான் கூப்பிட்டார்கள்:
"தம்மாம்ல எப்படிச் செஞ்சானோ
அப்படியே இங்கயும் கேப்போம்.
உனக்குத்தான் சட்டம் தெரியும், அந்தோணிராசு."

தெரியும்.
குடிநீர் ஆலையில் பன்னிரண்டு வருஷம்
பம்புகளுக்குக் கிரீஸ் வைத்தவனுக்கு
ஒரு செவ்வாய்க்கிழமை தெரியவந்த சட்டம்.
கம்பெனிகளுக்கு நிறம் பிரித்தார்கள்.
எங்களுடையது சிவப்பு.
பச்சையாக வேண்டுமானால்
பத்துக்கு இத்தனை பேர் அந்த நாட்டுப் பிள்ளைகள்.
மானேஜர் தலைகளை எண்ணிக்கொண்டே வந்தார்.
என் தலையில் கணக்கு சரியாகிவிட்டது.

எனக்குப் பதிலாக வந்தவன் மிஷாரி.
ஸ்பானரைச் சோற்றுக்கரண்டி மாதிரிப் பிடித்தான்.
எந்த வால்வை முதலில் மூடுவதென்று
அட்டையில் படம் போட்டுக் கொடுத்தேன், வேண்டா வெறுப்பாக.
மூன்று வருஷம் வேலை தேடி அலைந்தவனாம்.
அவன் அப்பா டாக்ஸி ஓட்டுகிறார்.
வெறுக்க ஒரு காரணம் கிடைக்குமா என்று பார்த்தேன்;
என் டிபனிலிருந்த எலுமிச்சை ஊறுகாயைக்
கேட்டு வாங்கித் தின்றதைத் தவிர
ஒன்றும் அகப்படவில்லை.

இப்போது மேசைமேல் தாள்.
'ஐயா, எங்கள் பகுதித் தோட்டங்களில்
வெளிமாநிலத்தார் பெருகிவிட்டபடியால்...'
வாசலில் அந்தப் பெருகியவர்கள், பதினொரு பேர்,
ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள்,
கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு
தராசையே பார்த்திருக்கிறார்கள்.
வெட்டிய இலை சாக்குக்குள் சூடேறிக்கொண்டிருக்கிறது.

"பத்துக்கு ஏழு பேர் உள்ளூர்னு போடு."
போட்டேன்.
"யாரு அந்த ஏழு பேரு?" ரோசம்மாள் கேட்டாள்.
"ஒம் மவன் திருப்பூர்ல. எம் மவ ஓசூர்ல.
காளிதாசு மவன் கத்தாருல.
அவங்களை வரச் சொல்லிட்டு எழுதுங்க."
யாரோ இருமினார்கள்.
கூலியை ஏத்தினா வருவாங்க என்றது ஒரு குரல்.
அதையும் எழுதினேன்.
அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்,
தாளில் இடம் கீழேதான் மிச்சமிருந்தது.

பிறகு தடுக்கியது.
உள்ளூர் என்றால்
எந்த வருஷத்துக்கு முன்னால் வந்தவர்?
அப்பா எழுபத்திரண்டில் வந்தார்,
தலைமன்னாரில் கப்பலேறி, இரண்டு டிரங்குப் பெட்டியோடு.
அங்கே அவர் இந்தியாக்காரன்.
இங்கே பந்தலூர்ச் சந்தையில் நான்
இன்றைக்கும் சிலோன்காரன்.
இதே கேள்வியை அடுத்த மேட்டுப் பணியர்கள் கேட்டால்
இந்த மேசையில் ஒருத்தரும் மிஞ்ச மாட்டோம்.
"நம்ம ஆளுங்கன்னு போடுப்பா, புரிஞ்சுக்குவாங்க"
என்றார் செயலாளர்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.
மிஷாரி, குரல் செய்தி,
அவன் அரைகுறை இந்தியும் என் அரைகுறை அரபியும்
சேர்ந்து பெற்ற பாஷையில்:
மூணாம் நம்பர் பம்பு முனகுது, அண்டோனி.
போனைப் பம்புக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறான்.
ங்ங்ங் என்று மடுவம் முழுக்கக் கேட்டது.
"யாருப்பா அது?"
"என் வேலை" என்றேன்.

வெளியே வந்து பதில் பேசினேன்.
பேரிங் போயிருக்கும். இப்பவே நிறுத்து.
ரெண்டாம் நம்பரை ஓடவிடு. நானில்லாமலே கழற்றிடுவே.
பேசி முடிக்கும்வரை காத்திருந்து
சுக்மணி ஓரான் எழுந்தாள். "தராசு?"
அவளுக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களில்
அது ஒன்று.

மேசையை நகர்த்த இரண்டு பேர் தேவைப்பட்டது.
ஒரு முனையை நான் பிடித்தேன்.
தாள் அதன்மேலேயே கிடந்தது, பாதி வாக்கியத்தோடு.
ஞாயிற்றுக்கிழமை முடித்துத் தருகிறேன் என்றேன்.
தருவேன்தான். கூலி வரியை மேலே ஏற்றி.
அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை.

முதல் சாக்கு முப்பத்தொரு கிலோ.
ஈரத்துக்கென்று இரண்டு கழித்தார்கள்,
எல்லோருக்கும் கழிப்பது போல.